பீட்சாக் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி

2022 ஜனவரியில் இருந்து 2023 டிசம்பர் வரை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பீட்சாக் கடையில் வேலை செய்தேன். காலி வீதியில் இருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, ஒரு தொடர்மாடிக்குக் கீழே, முன்னால் நான்கு மேசை, பின்னால் சமையலறை, அவ்வளவுதான் கடை. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள் நிற்கும். போன மாதம் சித்தியின் மகன் இதே மாதிரி ஒரு குடும்பக் கடையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொல்லி, "அண்ணா, எப்படி இருக்கும்?" என்று கேட்டான். போனில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் சார்ஜ் போய்விட்டது. மிச்சத்தையும் சேர்த்து எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இத்தாலியில் பலேர்மோவில் 11 வருடம் இருந்து, அதில் பாதிக்கு மேல் ஒரு பீட்சாக் கடையின் போறணைக்கு முன்னால் நின்றவர். பலேர்மோவில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும், அங்கே மலை மேல் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோவிலுக்குச் சைவக்காரரும் நடந்து போய்க் கும்பிடுவார்கள். அதனால் எங்கள் கடையில் காசு மேசைக்கு மேலே பிள்ளையார், பக்கத்தில் லட்சுமி, அதற்குப் பக்கத்தில் ரொசாலியா, மூவருக்கும் ஒரே ஊதுபத்தி. காசு மேசையில் அண்ணையின் தங்கச்சி, அவர் எங்களுக்கு அக்கா. சோஸ் காய்ச்சுவது இவர்களுடைய அம்மா. பேரன் அவரை அம்மம்மா என்று கூப்பிட்டதால் கடையில் எல்லோருக்கும் அவர் அம்மம்மா ஆகிவிட்டார். அந்தப் பேரன், அக்காவின் மகன், பதினேழு வயது, பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பெட்டி மடிப்பான். வெளியாட்கள் மூன்றே பேர்: நான் வவுனியா, பாத்திரம் கழுவுவதும் வெங்காயம் வெட்டுவதும் ஒரு ஹட்டன் தம்பி, டெலிவரிக்குப் பொறலஸ்கமுவையில் இருந்து வரும் ஒரு சிங்கள அண்ணன், அவரை 'அய்யே' என்போம்.

நான் கொழும்புக்கு வந்தது கணக்கியல் படிக்க. வகுப்பு சனி, ஞாயிறு காலையில் மட்டும், மிச்ச நாளெல்லாம் போடிங் அறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வகுப்புக்கென்று வாங்கிய 160 பக்கச் சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம்) ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கொப்பியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் கிழமையே மா குழைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "எவ்வளவு தண்ணி அண்ணை?" என்று கேட்டேன். "அளவா விடு." "எவ்வளவு ஈஸ்ட்?" "கொஞ்சம் போடு, காணும்." குடும்பக் கடையில் எல்லாம் இப்படித்தான். அவருக்குக் கை அறியும், எனக்கு எங்கே அறிவது? அன்று இரவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன், காலையில் வந்து திறந்தால் தட்டுகளின் மூடி எழும்பி நின்றது. ஓர் உருண்டை பக்கத்து உருண்டையோடு ஒட்டி, அது அடுத்ததோடு ஒட்டி, முழுத் தட்டும் ஒரே பாயாகிவிட்டது. கள்ளு மாதிரி ஒரு புளித்த மணம். அம்மம்மா எட்டிப் பார்த்து, "இதில அப்பம் சுடலாம்" என்றார். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றைக்கு அவர் குழைக்கும்போது பக்கத்தில் தராசோடு நின்றேன். அவர் 'அளவா' எடுத்த தண்ணீரை ஊற்றுவதற்கு முன்னரே வாங்கி நிறுத்தேன். 'கொஞ்சம்' போட்ட ஈஸ்ட்டை நிறுத்தேன். முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல் பட்டார், பிறகு விட்டுவிட்டார். கொப்பியின் முதல் பக்கம் இதுதான்: கோதுமை மா 10 கிலோ, தண்ணீர் 6 கிலோ, உப்பு 200 கிராம், எண்ணெய் 200 கிராம், ஈஸ்ட் 20 கிராம். மொத்தம் 16 கிலோ 420 கிராம், 250 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 65 வரும். பன்னிரண்டு அங்குலப் பீட்சாவுக்கு ஓர் உருண்டை. வெள்ளிக்கிழமைக்கு இதைப்போல் இரண்டு மடங்கு, முதல் நாளே குழைத்து 24 மணித்தியாலம் குளிரில் வைக்க வேண்டும்.

சரி, அளவு தெரிந்தது, அப்படியும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மா பொங்கியது. காரணம் ஈஸ்ட் அல்ல, சூடு. கொழும்பில் குழாய்த் தண்ணீரே கை சுடும் நாள் உண்டு. குழைக்கும் மிஷின் சுழன்று சுழன்று மாவைச் சூடாக்கும், நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பேக்கரிக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கிறது, அண்ணைக்கும் அது தெரியும், ஆனால் கேட்டால்தான் சொன்னார். குழைத்து முடிந்த மா 25 பாகையில் இருக்க வேண்டும் என்றால், 25ஐ 3 ஆல் பெருக்கு, 75. அதில் இருந்து குழைக்காத மாவின் சூட்டைக் கழி, அறையின் சூட்டைக் கழி, மிஷின் ஏற்றும் சூட்டைக் கழி. எங்கள் கடையில் மா 30, அறை 31, மிஷினுக்கு ஒரு 10. மிச்சம் 4. தண்ணீர் 4 பாகையில் இருக்க வேண்டும், அதாவது ஐஸ் தண்ணீர். ஐஸையும் தண்ணீரின் நிறையோடு சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும், தனியாகப் போட்டால் மா கூழாகிவிடும். அதையும் ஒருநாள் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மழை நாளில் மா காற்றில் இருந்தே ஈரம் இழுத்திருக்கும், அன்றைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதையும் நாலைந்து மழை பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

போறணையைப் பற்றி ஒரு பந்தி. எங்களுடையது காஸில் எரியும் கல் போட்ட அடுப்பு, 300 பாகைக்கு மேலே நிற்கும், ஒரு பீட்சா ஐந்தாறு நிமிடம். நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்று அண்ணை பெருமூச்சு விடுவார், அந்தக் கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததை வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அடுப்பு கற்றுத் தந்தது வேறு. ஓடர் குவிந்துவிட்டதென்று ஆறு பீட்சாவை ஒரே மூச்சில் தள்ளினால் கல்லின் சூடு இறங்கிவிடும். மேலே சீஸ் பொன் நிறமாகக் கொதிக்கும், அடி வெள்ளை வெளேரென்று இருக்கும். வெட்டித் தூக்கினால் நுனி தொங்கும். அப்படி வீட்டுக்குப் போன பீட்சாவுக்கு மறுநாள் போன் வரும். மூன்றைத் தள்ளு, எடு, கதவை மூடி இரண்டு நிமிடம் கல்லை விடு, பிறகு மற்ற மூன்று. அந்த இரண்டு நிமிடம் சும்மா நிற்பதுதான் வேலையிலேயே கஷ்டமானது, ஏனென்றால் அக்கா வெளியில் இருந்து "எங்க அந்த மூண்டும்?" என்று கத்திக்கொண்டிருப்பார்.

அப்புறம் துடுப்பு. பீட்சாவை அடுப்புக்குள் தள்ளும் நீளக் கைபிடிப் பலகையை நாங்கள் துடுப்பு என்றுதான் சொல்வோம். அதில் மா தூவினால் ஐந்தாவது பீட்சாவில் கருகிய மா மணக்கும், தூவாவிட்டால் ஒட்டும். ரவை தூவினால் உருளும், வழுக்கிக்கொண்டு போகும். சோஸ் பூசிய பிறகு துடுப்பிலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது, ஒரு நிமிடத்தில் ஒட்டிவிடும். என் முதல் வெள்ளிக்கிழமை, ஒட்டியது தெரியாமல் வேகமாக ஓர் உதறு உதறினேன். மா துடுப்பிலேயே நின்றுவிட்டது, மேலே இருந்த கோழியும் சீஸும் மட்டும் அடுப்புக்குள் பறந்தன. புகை. ஹட்டன் தம்பி மூலையில் குந்தியிருந்து சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

இனிக் குடும்பம். அண்ணை ஒன்று சொல்வார், அக்கா ஒன்று சொல்வார். அண்ணைக்கு அன்னாசி பிடிக்காது, பீட்சாவில் அன்னாசி போடுவது பாவம் என்கிற ரகம். அக்காவுக்கு விற்பதுதான் கணக்கு, டெவில்ட் சிக்கனும் அன்னாசியும் கட்டைத்தூளும் (கரகரப்பான மிளகாய்த்தூள்) போட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றதெல்லாவற்றையும் விட ஓடும். சீஸ் 120 கிராம் போடு என்று அண்ணை சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போவார், போன கையோடு அக்கா வந்து, "சீஸ் விக்கிற விலைக்கு 100 காணும்" என்பார். இரவு அண்ணை ஒரு பீட்சாவைத் தூக்கிப் பார்த்து, "ஆர் இதுக்குச் சீஸ் போட்டது?" என்று கேட்பார். நான்தான் போட்டது. ஏச்சு எனக்கு.

இரண்டாவது மாதம் கொப்பியில் இன்னொரு நிரல் கீறினேன்: 'யார் சொன்னது'. பெப்ரவரி 9, சீஸ் 120, அண்ணை. பெப்ரவரி 9, சீஸ் 100, அக்கா. பெப்ரவரி 11, சைவப் பீட்சாவுக்குக் கறிவேப்பிலை தாளித்துப் போடு, அம்மம்மா. பெப்ரவரி 11, போடாதே, அண்ணை. யாரையும் மாட்டிவிட எழுதவில்லை. ஆனால் ஒருநாள் அண்ணை வழக்கம்போல் கேட்டபோது பதில் சொல்லாமல் கொப்பியைத் திறந்து காட்டினேன். அவர் வாசித்தார், அக்காவைக் கூப்பிட்டார், அக்காவும் வாசித்தார், இரண்டு பேரும் எனக்கு முன்னால் சண்டை பிடிக்க வெட்கப்பட்டுப் பின் அறைக்குப் போனார்கள். வெளியே வரும்போது 110. அது கடைசி வரை 110தான். ஒரு விஷயம், இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கவே கூடாது. நீ அண்ணை பக்கமா, அக்கா பக்கமா என்று அம்மம்மா விளையாட்டாகக் கேட்டாலும் சிரித்துவிட்டு வெங்காயத்தைப் பார்க்க வேண்டும். அண்ணனும் தங்கச்சியும் மறுநாள் காலையில் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள், பக்கம் சாய்ந்தவன் மட்டும் அப்படியே நிற்பான்.

நான் சேர்ந்த 2022, நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம், எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மிஷின் ஓடாது, குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரி. ஐஸ் கணக்கும் 24 மணித்தியாலக் கணக்கும் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. காலை ஒன்பது மணிக்குக் கையால் குழைத்து அன்று பின்னேரமே சுட வேண்டிய நிலை. ஈஸ்ட்டைப் பாதியாக்கி 10 கிராம், உப்பை 250 கிராம் ஆக்கினோம், உப்புக் கூடினால் புளிப்பு மெதுவாகும். பத்துக் கிலோ மாவைக் கையால் அடிப்பது விளையாட்டில்லை, நானும் ஹட்டன் தம்பியும் மாறி மாறிச் செய்தோம், இரண்டாம் நாள் தோள் தூக்க முடியவில்லை. அப்போதுதான் அம்மம்மா ஒரு வழி சொன்னார். மாவையும் தண்ணீரையும் சும்மா கலந்து, ஈரத் துணி போட்டு மூடி, இருபது நிமிடம் தள்ளி வை, பிறகு குழை. அவர் ரொட்டிக்கு அப்படித்தான் செய்வாராம். பாதி அடி மிச்சம், மா தன்பாட்டில் இழுபட்டு வந்தது. இத்தாலியில் 11 வருடம் இருந்தவர் தாயைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு காஸ் இல்லை. மே, ஜூனில் கிழமைக்கு நான்கு நாள்தான் அடுப்பு எரிந்தது, சிலிண்டர் கிடைக்கிற நாள்தான் கடை. கிடைத்த சிலிண்டரை மாட்டும்போது இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அண்ணையின் வழக்கம். எவ்வளவு அவசரம் என்றாலும் அதை விடமாட்டார், இதை நானும் வீட்டில் இன்றைக்கும் செய்கிறேன். பிறகு பெற்றோல். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அய்யே ஒரு பழைய சைக்கிளை எடுத்து வந்தார், பின்னால் டெலிவரிப் பெட்டியைக் கட்டினார், தெகிவளை தாண்டிப் போகமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். லிப்ட் வேலை செய்யாத தொடர்மாடிகளில் ஆறாம் மாடி, ஏழாம் மாடி என்று ஏறி இறங்கி அந்த மனிதருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஓர் ஆச்சிதான் முதலில் பல்கனியில் இருந்து கயிற்றில் பையை இறக்கினார். பைக்குள் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டியதாகிவிட்டது, மேலே போய்ச் சேரும்போது சீஸ் எல்லாம் ஒரு பக்கம் வழிந்திருந்ததாம். அடுத்த முறை அய்யே போனில் சொன்னார், பை வேண்டாம், பிளாஸ்ரிக் பேசின் இறக்குங்கள். நாலு பக்கமும் கயிறு கட்டிய நீலப் பேசின். கிழமைக்கு நாலைந்து வீடுகளில் அது நடந்தது. காசும் அதே பேசினில்தான் முதலில் இறங்கும்.

இனி நான் செய்த பிழை. 2022 ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனை என்று கடையில் நின்றால்தான் தெரியும். ஓடரில் பாதி சைவம். சைவத்துக்கென்று வேறு வெட்டுச் சில்லு, வேறு பலகை, பச்சை ஒட்டு நாடா சுற்றிய வேறு துடுப்பு எல்லாம் வைத்திருந்தோம். அதிலெல்லாம் பிழை வரவில்லை. பிழை வாயில் வந்தது. அப்போது ஓடர்களை அக்கா போனில் எடுத்து உள்ளே சத்தம் போட்டுச் சொல்வார், நாங்கள் மனதில் வைத்துச் சுடுவோம். "நாலாம் மாடி சைவம், ரெண்டாம் மாடி டெவில்ட்" என்று அவர் சொன்னதும், ஒரே கட்டிடத்துக்கு இரண்டு பெட்டி போனதும் உண்மை. நான் பெட்டிகளில் மாடி இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

போன் வந்தபோது அக்காவின் முகம் போன விதத்திலேயே விளங்கிவிட்டது. நானே போனேன். நாலாம் மாடியில் கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. பெட்டி மேசையில் மூடியபடி இருந்தது, ஒரு துண்டு குறைந்திருந்தது. பேரப்பிள்ளை ஒருத்தி கடித்துவிட்டாள். அவர் கத்தவில்லை. "தம்பி, பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நான் சுவாமி அறைக்குப் பக்கத்தில வச்சுத் திறந்திட்டன், அதுதான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், காசைத் திருப்பிக் கொடுத்தேன், வேறு பீட்சா சுட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "உங்கட பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு, "வவுனியாவில ஆற்ற பிள்ளை?" என்றும் கேட்டார். பெயர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. கடைக்கு வந்ததும் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "ஆர் பிழை?" என்றார். கொப்பியில் இது இல்லை, நான் எழுதவில்லை. "நான் மாறிச் சொல்லியிருக்கலாம்" என்றார் அக்கா, ஆனால் நான் மாறி எழுதியது எனக்குத் தெரியும். என் பிழை என்று சொன்னேன்.

மறுநாளில் இருந்து துண்டு இல்லாமல் எந்த ஓடரும் உள்ளே வரக் கூடாது என்று அக்காவே முடிவு செய்தார். கறுப்புத் தாள் வைத்து இரண்டு பிரதி விழும் பில் புத்தகம், ஒன்று எங்களுக்கு, ஒன்று பெட்டியின் மேல் ஒட்ட. போனில் கேட்கும் ஒழுங்கையும் எழுதி காசு மேசையில் ஒட்டினோம்: சைவமா மச்சமா என்பது முதல் கேள்வி, பிறகு எத்தனை, எந்த அளவு, பெயர், இலக்கம், ஒழுங்கை கடல் பக்கமா மற்றப் பக்கமா, மாடி. கடைசியில் முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். இருபது செக்கன் கூடப் போகும், போகட்டும். அளவு என்றதும் ஒன்று: ஆட்கள் "ரெண்டு சின்னன் தாங்கோ, ஒரு பெரிசை விட ரெண்டு கூடத்தானே" என்பார்கள். எட்டு அங்குலம் இரண்டு எடுத்தாலும் பன்னிரண்டு அங்குலம் ஒன்றுக்குக் குறைவு. ஆரையை வர்க்கித்துப் பார்த்தால் நாலு நாலு பதினாறு, இரண்டு தரம் 32, மற்றது ஆறு ஆறு 36. இதைப் போனில் விளக்கிச் சொன்னால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள், திரும்பவும் எங்களிடமே எடுப்பார்கள். அக்காவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, இரண்டு சின்னனில் லாபம் கூட.

கைச் சூடு பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அடுப்புக் கதவின் விளிம்பு முழங்கையில் படுவது எல்லோருக்கும் நடக்கும், எனக்கு மூன்று அடையாளம் இருக்கிறது. பட்டவுடன் யாராவது பற்பசையோடு ஓடி வருவார்கள். வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும், ஐஸும் வேண்டாம், பட்டரும் வேண்டாம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு இருபது நிமிடம் ஒதுங்கி நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள்தான். நில்லுங்கள்.

இனிக் காசு. இது எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நல்ல மனிதர்கள். மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, தீபாவளிக்குச் சேட்டு, எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மம்மா போடிங்குக்கே மல்லித் தண்ணி கொடுத்துவிட்டார். சேரும்போது பேசியது காலை பத்தில் இருந்து இரவு ஏழு வரை. கடையோ பத்தரைக்குத்தான் பூட்டும், துடைத்துக் கழுவி வெளியே வரப் பதினொன்று. "நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று அண்ணை சொல்வார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அந்த வார்த்தைக்குப் பிறகு மேலதிக நேரம் என்று வாயெடுப்பது எப்படி?

கொப்பியில் நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். வந்தது, போனது, இடையில் சாப்பிட்ட அரை மணித்தியாலம். யாருக்கும் காட்டவில்லை. நவம்பரில் ஒரு கிழமையைக் கூட்டிப் பார்த்தால் 61 மணித்தியாலம். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி கிழமைக்கு 45, அதற்கு மேலே போனால் ஒன்றரை மடங்கு. 16 மணித்தியாலம் கூட. ஊழியர் சேமலாப நிதியும் கட்டப்படவில்லை. நம் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். குடும்பக் கடைகளில் இதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் கொடுப்பதுமில்லை.

கேட்பதற்கு நாள் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டால் அது மிரட்டல் மாதிரி இருக்கும். திங்கட்கிழமை காலை, கடை அமர்ந்து கிடக்கும் நேரம், தேத்தண்ணி வந்த பிறகு கேட்டேன். தொழில் திணைக்களம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. கொப்பியைத் திறந்து நான்கு கிழமையைக் காட்டி, "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்றேன். நிறைய நேரம் பார்த்தார். "நாங்கள் உன்னை வேலைக்காரன் மாதிரியே நடத்தினாங்கள்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தக்காளி வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "பிள்ளை மாதிரி எண்டால் பிள்ளைக்கு நீ என்ன குடுக்கிறாய்? அவனுக்கும் ஒண்டும் இல்லைத்தானே." பெட்டி மடித்துக்கொண்டிருந்த பேரன் கையை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தான். பேரனுக்கும் அன்றுதான் முதல் முறையாக ஒரு தொகை பேசப்பட்டது, அது எனக்குக் கிடைத்ததை விட எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லாம் கிடைக்கவில்லை. டிசம்பரில் இருந்து மேலதிக நேரம் கொடுத்தார்கள், எனக்கும் ஹட்டன் தம்பிக்கும் அய்யேக்கும் சேமலாப நிதி ஜனவரியில் இருந்து கட்டினார்கள். அதற்கு முன் போன மாதங்கள் போனதுதான். நான் அதை மேலே தள்ளவில்லை. தள்ளியிருக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான், இருக்கலாம். அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர்களை நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொருவருக்கு அது சரியான வழியாக இருக்கும், அவர் எழுதி வைத்திருந்தால்.

2023 டிசம்பரில் படிப்பு முடிந்து ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போகும்போது கொப்பியை எடுத்துக்கொண்டு போக நினைத்தேன், நேரம் எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்துக்கொண்டு மிச்சத்தைக் கடையிலேயே விட்டேன். போன மே மாதம், அடை மழை பெய்த ஒரு வியாழக்கிழமை இரவு, பேரன் போன் எடுத்தான். இப்போது மா அவன்தான் குழைக்கிறான்.

"அண்ணா, மழைக்குத் தண்ணி எவ்வளவு குறைக்கிறது? கொப்பியில அந்த இடத்தில எண்ணெய் பட்டு ஒண்டும் தெரியேல்ல."

"ஐஞ்சு கிலோ எண்ணூறு. ஐஸையும் சேர்த்து."

"ஐஸோட சேர்த்தா?"

"ஓம், சேர்த்து. உடன எழுது."